பாலிமர் கலந்த கான்கிரீட் கம்பியை எப்படிப் பிடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இருபது, முப்பது வருடப் பழைய அடுக்குமாடி வீடுகளில் ஒரு காட்சி சகஜம். குளியலறைக்கு மேலோ பால்கனிக்கு அடியிலோ தளம் வெடித்து, காரை உதிர்ந்து, பழுப்பேறிய கம்பி தெரியும். பார்க்க வரும் மேஸ்திரி பெரும்பாலும் சொல்வது, ‘பால் ஊத்திப் பூசிட்டா கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்’ என்பதுதான். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பினால் மூன்று நான்கு மழைக்காலத்துக்குள் அதே இடத்தில் மறுபடியும் சாரம் கட்ட வேண்டிவரும். எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

மேஸ்திரி சொல்லும் அந்தப் ‘பால்’ என்பது என்ன?

பெரும்பாலும் எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ். ஸ்டைரீன் பூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பரின், அதாவது ஒரு பாலிமரின், நுண்துகள்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் வெள்ளைத் திரவம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்க அதில் சோப்பு போன்ற பொருளும் இருக்கும். ஒரு துகளின் அளவு ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. சிமெண்ட் துகளோடு வைத்துப் பார்த்தால் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் சிமெண்டும் மணலும் விட்டுவைக்கும் இண்டு இடுக்குகளுக்குள் அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

அக்ரிலிக் லேட்டக்ஸும் இதே வேலையைச் செய்யும், வெயிலில் மஞ்சளாகாது. பையில் வரும் பழுதுபார்ப்புக் கலவைகளில் பெரும்பாலும் ஈ.வி.ஏ. போன்ற பாலிமரைத் தூளாக்கிச் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றியதும் அந்தத் தூள் மறுபடி பாலாகிவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. சிமெண்டோடு ரப்பர் பாலைக் கலப்பதற்கான காப்புரிமைகள் 1923, 1924 ஆண்டுகளிலேயே பதிவாகிவிட்டன. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பாலங்களின் மேல்தளத்துக்கு எஸ்.பி.ஆர். கலந்த கான்கிரீட்டைப் போடத் தொடங்கினார்கள். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியை அரிப்பதுதான் அங்கே பிரச்சினை. நம்மூரில் அதே உப்பு கடல்காற்றில் வருகிறது.

முதலில், சாதாரண கான்கிரீட் கம்பியை எப்படிப் பிடித்துக்கொள்கிறது?

மூன்று வழிகள். ஒன்று, சிமெண்ட் பசை இரும்பின் மேல் ஒட்டிக்கொள்வது. இரண்டு, உராய்வு. மூன்று, கம்பியின் மேல் குறுக்காக இருக்கும் மேடுகள் கான்கிரீட்டில் முட்டிக்கொண்டு நிற்பது.

ஒட்டுதல் மிகப் பலவீனமானது. கம்பி மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு நழுவினாலே அறுந்துவிடும். அதற்குப் பிறகு பழைய வழவழப்பான கம்பிக்கு மிஞ்சுவது உராய்வு மட்டும்தான். அதனால்தான் அந்தக் காலத்தில் கம்பியின் நுனியைக் கொக்கி போல வளைத்தார்கள். இன்றைய டி.எம்.டி. கம்பியில் பெரும்பங்கு வேலையைச் செய்வது மேடுகள். வடிவமைப்பு விதியிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது. இந்தியக் கான்கிரீட் விதியான ஐ.எஸ். 456:2000-இன்படி எம்20 தரக் கான்கிரீட்டில் வழவழப்பான கம்பிக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.2 நியூட்டன் பிடிப்பு எடுத்துக்கொள்ளலாம். எம்25 என்றால் 1.4. மேடுள்ள கம்பிக்கு இந்த எண்ணை 60 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம்.

மேடு முட்டும்போது விசை கம்பியின் திசையில் மட்டும் போவதில்லை, சாய்வாக வெளிப்பக்கமும் தள்ளுகிறது. சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கப் பார்ப்பது இந்தத் தள்ளல்தான். கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட், மெல்லியதாக இருந்தால் கம்பி உருவி வருவதற்கு முன்பே கான்கிரீட் கம்பியின் நீளவாக்கில் பிளந்துவிடும். வீட்டுத் தளங்களிலும் உத்தரங்களிலும் பிடிப்பு போவது பெரும்பாலும் இப்படித்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்கு இது தேவை.

சரி, பாலிமர் சேர்த்தால் இதில் எது மாறுகிறது?

மேடுகள் முட்டும் வேலை அவ்வளவாக மாறாது. அது கான்கிரீட்டின் அமுக்க வலிமையைப் பொறுத்தது. பாலிமர் சேர்ப்பதால் அமுக்க வலிமை பெரிதாக ஏறாது, சில கலவைகளில் கொஞ்சம் இறங்கவும் செய்யும். மாற்றம் வேறு மூன்று இடங்களில் நடக்கிறது.

முதலாவது கம்பியின் அடிப்பக்கம். கான்கிரீட் போட்டு அதிரவிட்ட பிறகு ஜல்லி கீழே இறங்க, தண்ணீர் மேலே ஏறும். ஏறுகிற தண்ணீர் படுக்கையாகக் கிடக்கும் கம்பிக்கு அடியில் தேங்கும். அது காய்ந்ததும் அங்கே மெல்லிய வெற்றிடமும் பொறுபொறுவென்ற சிமெண்ட் பசையும்தான் மிஞ்சும். ஆழமான உத்தரத்தில் மேல்கம்பிக்குப் பிடிப்பு குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம். லேட்டக்ஸ் சேர்த்தால் அதே இளக்கத்துக்குத் தண்ணீர் கணிசமாகக் குறைவாகப் போதும். கலவையும் தண்ணீரை எளிதில் கக்காது. கம்பிக்கு அடியில் சேரும் வெற்றிடம் சுருங்குகிறது. என் கணக்கில் பாலிமர் பிடிப்புக்குச் செய்யும் பெரிய உபகாரம் இதுதான். ஆனால் டப்பாவின் மேல் யாரும் இதை அச்சடிப்பதில்லை, ‘ஒட்டும் தன்மை’ என்றுதான் போடுகிறார்கள்.

இரண்டாவது, படலம். ஜப்பானிய ஆய்வாளர் யோஷிஹிகோ ஓஹாமா 1980களில் இதை மூன்று கட்டமாக விளக்கினார். முதலில் துகள்கள் கலவை முழுக்கப் பரவியிருக்கும். சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து தண்ணீர் குறையக் குறைய, துகள்கள் சிமெண்ட் பசையின் மேலும் ஜல்லியின் மேலும் படிந்து நெருக்கியடித்து அடுக்கிக்கொள்ளும். கடைசியில் மிச்சத் தண்ணீரும் போனதும் துகள்கள் உருகியதுபோல் ஒன்றோடொன்று சேர்ந்து, சிமெண்டின் ஊடே தொடர்ச்சியான ரப்பர் வலையாகிவிடும். நுண்விரிசல் ஒன்று வாய் திறக்கும்போது இந்த வலை அதன் இரு கரைகளையும் இழுத்துப் பிடிக்கிறது. அதனால் இழுவிசையையும் வளைவையும் தாங்கும் வலிமை கூடுகிறது. முந்தைய பதிலில் சொன்ன பிளவு இழுவிசையால் வருவது. ஆகவே மெல்லிய கவர் உள்ள இடத்தில் பிளவு தள்ளிப்போகும், பிடிப்பும் உயரும். கவர் தாராளமாக இருந்து கம்பி உருவிக்கொண்டு வரும் வகைத் தோல்வி என்றால், பாலிமரால் கிடைக்கும் லாபம் சொற்பம்.

மூன்றாவது உடனே தெரியாது. துளைகள் அடைபடுவதால் தண்ணீர், உப்பு, கரியமில வாயு மூன்றும் உள்ளே இறங்குவது மெதுவாகிறது. கம்பி துருப்பிடிக்காமல் இருந்தால்தான் பிடிப்பும் இருக்கும். முதல் நாள் சோதனையில் சாதாரண கான்கிரீட்டும் பாலிமர் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒன்றாக நின்றாலும், கடலோரத்தில் பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தால் கதை வேறு.

அப்படியானால் கம்பி லேப் நீளத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா?

கூடாது. இரண்டு கம்பிகளைச் சேர்க்கும்போது ஒன்றோடொன்று இணைந்து கிடக்கும் நீளம்தான் லேப். விதியில் பாலிமருக்கென்று தனிச் சலுகை கிடையாது. எம்20 கான்கிரீட்டில் எஃப்.இ. 500 தரக் கம்பிக்குக் கணக்குப் போட்டால் கம்பி விட்டத்தைப் போல் 57 மடங்கு நீளம் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி என்றால் சுமார் 680 மில்லிமீட்டர். எம்25 என்றால் 49 மடங்கு, அதாவது 590-க்குக் கொஞ்சம் கீழே. லேட்டக்ஸ் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் இந்த நீளம் இதேதான். ஒப்பந்தக்காரர் யாராவது ‘பால் சேர்த்திருக்கோம், ஒன்றரையடி போதும்’ என்றால், அவர் மிச்சப்படுத்துவது கம்பியை.

ஒரு மூட்டை சிமெண்டுக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும்?

இங்கேதான் பெரும்பாலான வேலைகள் கோட்டைவிடுகின்றன. கணக்கு திரவத்துக்கு இல்லை, அதற்குள் இருக்கும் திடப்பொருளுக்கு. சிமெண்ட் எடையில் 5 முதல் 20 சதவீதம் வரை பாலிமர் திடப்பொருள் என்பது வழக்கமான எல்லை. அமெரிக்கப் பாலத் தளங்களில் 15 சதவீதம்.

50 கிலோ மூட்டைக்கு 15 சதவீதம் என்றால் 7.5 கிலோ திடப்பொருள். லேட்டக்ஸில் 47 சதவீதம் திடப்பொருள் இருப்பதாக வைத்தால் 16 கிலோ பால் வேண்டும், ஏறக்குறைய 16 லிட்டர். பாதி அளவான 7 அல்லது 8 சதவீதத்துக்கே 8 லிட்டர் ஆகும். நம் தளங்களில் நடப்பது என்ன? ஒரு மூட்டைக்கு ஒரு லிட்டர், சில இடங்களில் அரை லிட்டர். ஒரு லிட்டரில் கிடைப்பது ஏறக்குறைய 1 சதவீதம் திடப்பொருள். அதில் தொடர்ச்சியான படலம் உருவாக வழியில்லை. கலவை கொஞ்சம் வழுக்கிக்கொண்டு பூச எளிதாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் மறந்துபோகும். அந்த 16 கிலோ பாலில் எட்டரைக் கிலோ தண்ணீர். சிமெண்ட் எடையில் 35 சதவீதம் தண்ணீர் என்று முடிவு செய்திருந்தால் மொத்தம் 17.5 லிட்டர்தான் வேண்டும். அதில் பாதி ஏற்கெனவே பாலோடு வந்துவிட்டது. மேலே ஊற்ற வேண்டியது 9 லிட்டர் மட்டும், மணல் ஈரமாக இருந்தால் அதைவிடவும் குறைவு. பழக்க தோஷத்தில் வாளி வாளியாக ஊற்றினால் காசு கொடுத்து வாங்கிய பாலின் பலன் அந்தத் தண்ணீரோடு போகும்.

டப்பாவில் திடப்பொருள் சதவீதம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாத டப்பாவை நான் வாங்க மாட்டேன்.

அதிகமாக ஊற்றினால் இன்னும் நல்லதா?

20 சதவீதத்துக்கு மேல் போனால் கான்கிரீட் ரப்பர் தன்மைக்குச் சாயும். விறைப்பும் அமுக்க வலிமையும் குறையும், இறுகவும் நேரமெடுக்கும். சோப்புப் பொருளும் கூடுவதால் கலக்கும்போது நுரை வரும், காற்றுக் குமிழ்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும். நல்ல தயாரிப்புகளில் நுரையடக்கி சேர்த்திருப்பார்கள். அப்போதும் மிக்சரில் நீண்ட நேரம் சுற்றவிடக் கூடாது.

கம்பி மேலேயே பாலைத் தடவிக் காயவைத்துவிட்டு அப்புறம் பூசினால் இன்னும் நன்றாக ஒட்டாதா?

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கெடுதல் இது. காய்ந்த லேட்டக்ஸ் வழவழப்பான ரப்பர் தோல் மாதிரி. புது சிமெண்ட் பசை அதற்குள் ஊடுருவ முடியாது. ஒட்டுவதற்குப் பூசியது பிரிக்கும் தாளாகிவிடும். கம்பிக்கு மட்டுமல்ல, பழைய கான்கிரீட் முகத்துக்கும் இதே விதிதான்.

சரியான முறை இது. பால், தண்ணீர், சிமெண்ட் மூன்றையும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் கெட்டிக் கரைசலாகக் கலக்குங்கள். பழைய கான்கிரீட்டைத் தண்ணீர் குடிக்க வைத்து, மேலே தேங்கியதைத் துடைத்துவிடுங்கள். கரைசலைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேயுங்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவையை வைத்துவிட வேண்டும். மே மாத வெயிலில் பத்துப் பதினைந்து நிமிஷத்திலேயே காய்ந்துபோகலாம். அதனால் கையெட்டும் தூரத்துக்கு மட்டும் தடவி, பூசி, அப்புறம் நகர்வதுதான் வழி. மேஸ்திரி முழுத் தளத்துக்கும் காலையிலேயே கரைசல் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வந்ததும் காய்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை.

மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைக் கலக்கலாமா?

வேண்டாம். அது பாலிவினைல் அசிடேட். காய்ந்ததும் கெட்டியாகத்தான் தெரியும். ஆனால் சிமெண்டின் காரத்திலும் ஈரத்திலும் சிதைந்து மறுபடி இளகும். ஒழுகும் தளத்துக்கும் குளியலறைக்கும் கடலோரத்துக்கும் சுத்தமாக ஆகாது.

குமரி மாவட்டத்து ரப்பர் பாலையே ஊற்றினால் என்ன?

1920களில் முயன்று பார்த்தது இயற்கை ரப்பர் பாலைத்தான். சிக்கல் என்னவென்றால் சிமெண்டிலிருந்து வெளிவரும் கால்சியம் பட்டதும் மரத்துப் பால் திரிந்து கட்டிகட்டியாகிவிடும். திரியாமல் காக்கத் தனி ரசாயனம் சேர்க்க வேண்டும். செயற்கை லேட்டக்ஸ் அதற்கென்றே தயாராகி வருகிறது.

கலக்கக் கூடாத இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளோரின் உள்ள வினைலிடீன் குளோரைடு வகை லேட்டக்ஸ். அது வலிமை தரும், ஆனால் காலப்போக்கில் குளோரைடை வெளிவிட்டுத் தானே கம்பியை அரிக்கும். கம்பி இருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது.

துருப்பிடித்த கம்பியை எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும்? பாலிமர் துருவை நிறுத்திவிடும் என்கிறார்களே?

துருவை நிறுத்துவது பாலிமர் இல்லை, சிமெண்டின் காரம். நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மையின் அளவு (பி.எச்.) 12.5-க்கு மேல் இருக்கும். அந்தச் சூழலில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலம் உண்டாகும். கரியமில வாயு உள்ளே இறங்கிக் காரம் 9-க்குக் கீழே போனாலோ, உப்பின் குளோரைடு வந்து சேர்ந்தாலோ அந்தப் படலம் உடையும். துரு தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து அது தள்ளுவதால்தான் காரை உதிர்கிறது.

புதுக் கம்பியில் இருக்கும் லேசான செந்துரு பிடிப்புக்குக் கெடுதல் இல்லை, முகத்தைச் சொரசொரப்பாக்கிக் கொஞ்சம் உதவவும் செய்யும். தட்டினால் ஏடு ஏடாகக் கழன்று வரும் துரு வேறு. அது கம்பிக்கும் கலவைக்கும் நடுவே தளர்ந்த தூளாக நின்று இரண்டையும் பிரிக்கும்.

ஆகவே பழுதுபார்க்கும்போது கம்பியின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் பூசுவதில் அர்த்தமில்லை. கம்பிக்குப் பின்னால் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வரை கான்கிரீட்டைக் கொத்தி எடுக்க வேண்டும். விரல் உள்ளே போய்ச் சுற்றி வர வேண்டும். புதுக் கலவை கம்பியை எல்லாப் பக்கமும் கவ்வினால்தான் பிடிப்பு என்று ஒன்று உண்டு. பாதிக் கம்பி பழைய உப்பேறிய கான்கிரீட்டிலும் பாதி புதுக் கலவையிலும் கிடந்தால் அரிப்பு இன்னும் வேகமெடுக்கும். கொத்துவதற்கு முன்னால் தளத்துக்கு முட்டு கொடுத்தாக வேண்டும். கம்பியைச் சுற்றிலும் விடுவித்துவிட்டால் அந்த இடத்தில் கம்பி வேலை செய்யவில்லை என்றுதான் பொருள்.

துருவைக் கம்பி பிரஷ், முடிந்தால் மணல் பீய்ச்சி வெளுக்க எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அரிப்பில் உண்டான குழிகளுக்குள் இருக்கும் உப்பு பிரஷ்ஷுக்கு அகப்படாது, தண்ணீருக்குத்தான் கரையும். கழுவியதும் தாமதிக்காமல் காப்புப் பூச்சு. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் நான்கில் ஒரு பங்கு போயிருந்தால் பூச்செல்லாம் போதாது. பொறியாளரைக் கேட்டுப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும், அதற்கும் முழு லேப் நீளம் வேண்டும்.

காப்புப் பூச்சில் நம்மூர்ச் சரக்கே உண்டு. சிமெண்டும் பாலிமரும் சேர்த்துக் கம்பிக்குப் பூசும் முறையைக் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உருவாக்கியது. நாட்டின் பல பாலங்களில் அந்தப் பூச்சு கொடுத்த கம்பிகள் இருக்கின்றன. பூச்சிலேயே சிமெண்ட் இருப்பதால் கம்பியின் காரச் சூழல் கெடாது. ஆனால் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் எச்சரித்த விஷயம் ஒன்று உண்டு. கம்பியை முறையாகத் துரு நீக்காமல் அதன் மேல் இந்தப் பூச்சைக் கொடுத்தால், பூச்சுக்கு அடியில் அரிப்பு ஒளிந்து வளர்கிறது. வெளியே பார்க்க அழகாகத்தான் இருக்கும். வேலைத்தளத்தில் சாக்கைப் போட்டுத் துடைத்துவிட்டுப் பிரஷ்ஷால் பூசுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது.

எபாக்சி பூசிய கம்பி இதைவிட மேலானதா?

அரிப்பைத் தடுக்கும், பிடிப்பைக் குறைக்கும். எபாக்சித் தோல் வழவழப்பு, சிமெண்ட் அதில் ஒட்டாது. அமெரிக்க கான்கிரீட் விதி இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. கவர் கம்பி விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறைவாகவோ, கம்பிகளுக்கு நடுவே இடைவெளி ஆறு மடங்குக்குக் குறைவாகவோ இருந்தால் நீளத்தை 1.5 மடங்காக்கச் சொல்கிறது. மற்ற இடங்களில் 1.2 மடங்கு.

அரிப்புத் தடுப்பும் எப்போதும் கைகொடுக்காது. ஃபுளோரிடா கீஸ் தீவுகளை இணைக்கும் கடற்பாலங்களில் இந்தக் கம்பியைப் போட்டார்கள். பத்தாண்டு ஆவதற்குள், 1986-இல், கடல்நீர் தெறிக்கும் தூண் பகுதிகளில் அரிப்பு வெளியே தெரிந்துவிட்டது. கம்பியைத் தூக்கும்போதும் வளைக்கும்போதும் பூச்சில் கீறல் விழத்தான் செய்யும். நம்மூரில் லாரியிலிருந்து கம்பியை எப்படி இறக்குகிறார்கள் என்று ஒருமுறை நின்று பாருங்கள்.

பழுதுபார்ப்பில் எபாக்சி அடித்தே ஆக வேண்டும் என்றால், அது ஈரமாக இருக்கும்போதே காய்ந்த குவார்ட்ஸ் மணலைத் தூவிவிடுங்கள். கலவைக்குப் பிடிமானம் கிடைக்கும்.

நன்றாகத்தான் பூசினார்கள். ஆனால் பூசிய இடத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிறதே?

பூச்சு மோசம் என்பதால் இல்லை, அந்த இடத்தில் மட்டும் நன்றாக இருப்பதால். துருப்பிடித்த இடம் அதுவரை தன்னைச் சுற்றியிருந்த கம்பிக்கும் சேர்த்துத் தானே அரிபட்டுக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் பக்கத்தில் உப்பேறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பிக்கு அந்த முறை வருகிறது. உதிர்ந்த அளவுக்கு மட்டும் வட்டமாகக் கொத்திப் பூசினால் இது ஏறக்குறைய நிச்சயம். சுத்தியலால் தட்டிப் பொள்ளல் சத்தம் வரும் எல்லை வரைக்கும், அதற்கு மேலும் துருவில்லாத கம்பி தெரியும்வரை, கொத்தி எடுக்க வேண்டும். உப்பு மிக அதிகம் என்றால் துத்தநாகக் கட்டியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிப் புதைக்கும் முறையும் இருக்கிறது. இரும்புக்குப் பதில் துத்தநாகம் அரிபடும்.

க்யூரிங் எத்தனை நாள்?

சாதாரண கான்கிரீட்டுக்கு ஏழு நாள், பத்து நாள் என்று தண்ணீர் ஊற்றிப் பழகிய கைக்கு இது முரண்டாகத் தெரியும். முதல் ஒன்றிரண்டு நாள் ஈரச் சாக்குப் போட்டுக் காப்பாற்றினால் போதும். அப்புறம் காற்றில் காயவிட வேண்டும். ஈரம் சிமெண்டுக்கு வேண்டும், காய்ச்சல் பாலிமருக்கு வேண்டும். தண்ணீர் வெளியேறினால்தான் துகள்கள் சேர்ந்து படலமாகும். நாள் கணக்காக நனைத்துக்கொண்டே இருந்தால் படலம் உருவாவது தள்ளிப்போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை எடுக்காமல் இருப்பது நல்லது.

வெயில், தீ இவற்றில் பிடிப்பு விட்டுப்போகுமா?

வெயிலுக்குக் கவலை இல்லை. கலவைக்குள் இருக்கும் ரப்பர் இளகினாலும் சுமையைத் தாங்குவது சிமெண்ட் எலும்புக்கூடு. தீ அப்படியில்லை. 300 டிகிரியைத் தாண்டினால் பாலிமர் சிதையத் தொடங்கும், படலம் செய்த வேலை எல்லாம் போகும். அடுக்குமாடியில் சமையலறைக்கு மேல்தளத்தை இந்தக் கலவையால் கனமாகப் பழுதுபார்த்திருந்தால் அடியில் சிமெண்ட் பூச்சு கொடுத்து மூடிவிடுங்கள்.

பழைய தூணில் துளை போட்டு, ரசாயனப் பசை ஊற்றிக் கம்பி நடுகிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. பாலிமர் கலந்த கான்கிரீட்டில் பாலிமர் துணைக்கு வருவது. இப்படிப் பசையில் நடும் ரசாயன ஆங்கரில் சுமை முழுதும் பசையின் தலையில். அதனால் வெப்பமும் காலமும் அங்கே பெரிய விஷயம். பல எபாக்சிகள் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அதைவிடக் கொடியது, நிரந்தரச் சுமையில் அவை மெல்ல மெல்ல நீளும் குணம். 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரைக் கான்கிரீட் பலகைகள் ஒரு கார் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். பலகைகளைத் தொங்கவிட்ட போல்ட்டுகள் எபாக்சியில் நடப்பட்டவை. சீக்கிரம் இறுகும் வகை எபாக்சியைப் பயன்படுத்தியிருந்தார்கள், அது நீண்டகாலச் சுமைக்கு ஏற்றதல்ல என்று விசாரணை சொன்னது. போல்ட்டுகள் ஒரே நாளில் பிடுங்கிக்கொள்ளவில்லை, கட்டிய காலத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தன.

வீட்டு வேலையில் கவனிக்க வேண்டியது துளையின் சுத்தம். டிரில் போட்டதும் உள்ளே இருக்கும் தூளை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊத வேண்டும். தூளோடு பசை ஊற்றினால் கம்பி ஒட்டுவது தூளில்தான். தலைக்கு மேல் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும் சுமைக்கு இந்த முறையைப் பொறியாளரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

பிடிப்பை எப்படிச் சோதிப்பது?

சோதனைக்கூடத்தில் என்றால் கம்பி இழுப்புச் சோதனை, ஐ.எஸ். 2770. கான்கிரீட் கனசதுரத்தின் நடுவில் கம்பியைப் புதைத்து, இழுத்து, எவ்வளவு நழுவுகிறது என்று அளப்பார்கள். வேறு வேறு கலவைகளை ஒப்பிட நல்ல வழி. ஆனால் கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் தாராளமாக இருப்பதால் அங்கே கிடைக்கும் எண் நிஜத் தளத்தில் கிடைப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். யாராவது அந்த எண்ணைக் காட்டி விற்க வந்தால் இதைச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது இரண்டு. கலவை இறுகிய பிறகு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. பொத்தென்று கேட்டால் உள்ளே ஒட்டவில்லை. பெரிய வேலை என்றால் பூசிய இடத்தில் உலோக வில்லையை ஒட்டி நேராக இழுத்துப் பார்க்கும் கருவி இருக்கிறது. ஐரோப்பிய விதி, கட்டமைப்பைத் தாங்கும் பழுதுபார்ப்புக் கலவைக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன் வேண்டும் என்கிறது, உயர்தர வகைக்கு 2.

புது வீடு கட்டுகிறோம். கான்கிரீட் முழுவதற்கும் லேட்டக்ஸ் கலக்கலாமா?

மூட்டைக்கு 16 லிட்டர் என்ற கணக்கைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் கான்கிரீட்டின் தரத்துக்கும் கவருக்கும் செலவழியுங்கள். கடலோரக் காற்று நேரே படும் கட்டடத்துக்கு ஐ.எஸ். 456 கேட்பது எம்30 கான்கிரீட், 45 மில்லிமீட்டர் கவர். கவர் பிளாக் வைத்து, அதைக் கட்டுக்கம்பியால் கட்டி, கான்கிரீட் கொட்டும்போது யாரும் கம்பியை மிதித்து அமுக்காமல் பார்த்துக்கொண்டால் பாலுக்கு வேலையே வராது. பாலிமர், பழுதுபார்க்கவும் மெல்லிய மேல்தளத்துக்கும் உரியது.

மீந்துபோன பாலை அடுத்த வருடம் பயன்படுத்தலாமா?

டப்பாவை இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்திருந்து, காலாவதித் தேதியும் தாண்டவில்லை என்றால் பயன்படுத்தலாம். திறக்கும்போது மேலே தோல் படிந்திருந்தால் அதை மட்டும் எடுத்து எறியுங்கள். உள்ளேயும் கட்டி தட்டியிருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ முழு டப்பாவையும் ஒதுக்கிவிடுங்கள். வடிகட்டித் தண்ணீர் சேர்த்தால் பார்க்கப் பால் மாதிரியே இருக்கும், படலம் மட்டும் வராது.